குழாய் அவர்களுக்கு, மண் ஊருக்கு

அன்பு மாப்ளே சிதம்பரம்,

நீ போய் நாலு மாசம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் துக்கம் இல்லை, கோபம். உட்கார்ந்தால் திட்டத்தான் வருகிறது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கடைசியில் உன்னையே திட்டலாம் என்று எழுதுகிறேன். நீதான் திருப்பித் திட்ட மாட்டாய்.

உன் ஆய்வுக்கூடத்தை நீ போன மூன்றாம் நாளே பூட்டி, அரக்கு வைத்து, கதவில் ஒரு தாளும் ஒட்டிவிட்டார்கள். திட்டத்தின் முதன்மை ஆய்வாளர் நீ. நீ இல்லை என்றால் திட்டம் இல்லை. திட்டம் இல்லை என்றால் அதில் வாங்கிய, மண்ணை அமுக்கிப் பலம் பார்க்கிற மெஷினைத் தொட யாருக்கும் உரிமை இல்லையாம். வேறொரு பேராசிரியர் பொறுப்பேற்றால் திறக்கலாம். யார் ஏற்பார்கள்? கடைசி வருஷத்துத் திட்டத்தில் வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது, எழுதிக் கொடுப்பதற்குத்தான் நிறைய இருக்கும். உன் பக்கத்து அறைக்காரரிடம் கேட்டேன். "செத்தவரோட ப்ராஜெக்ட் எனக்கெதுக்குங்க, இருக்கறதே தலைக்கு மேல கெடக்கு" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். உன் டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்ட மனுஷன் அவர்.

பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஆய்வு நிலையம் என்று வாசலில் புதிதாக வளைவு கட்டிப் பெயர் எழுதியிருக்கிறார்கள். ஓர் இயக்குநர், ஓர் ஆட்சிக்குழு, மண்ணுக்கு ஒரு மையம், நீருக்கு ஒன்று, கான்கிரீட்டுக்கு ஒன்று. பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பல்கலைக்கழகம் கொடுப்பது கட்டடமும் கரண்டும் நாலைந்து நிரந்தர ஆட்களின் சம்பளமும்தான் என்று அவர்களுக்கு யார் சொல்வது? மற்றதெல்லாம் டெல்லியில் இருந்து திட்டம் திட்டமாக வரவேண்டும். வந்ததில் நிர்வாகப் பங்கு என்று முதல் துண்டைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் மெஷின் வாங்கலாம், அதற்குச் செலவுத் தலைப்பு உண்டு. மெஷின் கெட்டுப்போனால் சரிசெய்யத் தலைப்பு கிடையாது. அதை ஓட்டுகிறவனுக்குத் திட்டம் முடிகிற வரைதான் வேலை.

ஓட்டுகிறவன் நான். இந்த மாசக் கடைசியோடு எனக்கும் முடிகிறது. "மச்சான், மெஷினுக்காவது மூணு வருஷம் கியாரண்டி, ஒனக்கு அதுவும் இல்ல" என்று நீ சொல்லும்போது சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

போன மார்ச் ஞாபகம் இருக்கிறதா? பணம் திரும்பிப் போய்விடும் என்று அவசர அவசரமாகக் கூட்ட அறைக்கு ரெண்டு ஏசி வாங்கினார்கள். அதே மாசம் நம் மெஷினுக்கு ஒரு ரப்பர் வளையம் கேட்டு நீ கடிதம் மேல் கடிதம் எழுதினாய். கடைசியில் கீரனூரில் பைக் மெக்கானிக்கிடம் வாங்கி மாட்டினோம். இன்றுவரை ஒழுகவில்லை.

சரி, மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். நீ கேட்க நினைப்பது அதைத்தான்.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் குளக்கரையில், போன மழைக்கு மடைக்குப் பக்கத்தில் கசிந்த இடத்தில், ஆறு பித்தளைக் குழாய்களை அடித்து இறக்கி மண் எடுத்தோமே, ஈரம் போகாமல் ரெண்டு முனையிலும் மெழுகு ஊற்றி மூடினோமே, அந்த ஆறும் உள்ளேதான் கிடக்கின்றன. அதற்குக் காரணம் நான்தான். நீ போன மறுநாள் அறையில் இருந்ததைக் கணக்கெடுக்க வந்தார்கள். யாராவது குப்பை என்று தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், "இதுவும் திட்டத்துச் சாமான்தான், எழுதிக்கங்க" என்று நானே பட்டியலில் ஏற்றினேன். எழுதாமல் விட்டிருந்தால் அது வெறும் மண். அன்றைக்கே தோளில் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். மூளை எங்கே போயிற்று எனக்கு?

அந்த ஊர்ப் பாசன சங்கத் தலைவி வள்ளியம்மை அக்கா மூன்று தடவை பஸ் ஏறி வந்துவிட்டார். "கரை தாங்குமா தாங்காதா, அத மட்டும் சொல்லுங்க தம்பி. கீழ நூறு வீடு இருக்கு" என்பார். ரெண்டு தடவை பூட்டிய கதவைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது தடவை அவரே நேராக அலுவலகக் கண்காணிப்பாளர் மேசைக்குப் போனார்.

"சோதன பண்ண முடியாதுன்னா போகட்டுங்க. எங்க மண்ண எங்ககிட்ட குடுத்துருங்க."

கண்காணிப்பாளர் ஆடிப்போனார். மண்ணைத் திருப்பிக் கேட்டு யாரும் அங்கே மனு கொடுத்ததில்லை. கோப்பு மேலே போய், பத்து நாள் படுத்துக் கிடந்து, நேற்று இயக்குநர் கையெழுத்தோடு இறங்கி வந்தது. மண் ஊருக்குச் சொந்தம், கொடுத்துவிடலாம். குழாய்கள் நிலையத்தின் சொத்து, கொடுக்கக் கூடாது. மண்ணை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டுக் குழாய்களை உள்ளே வைக்க வேண்டும்.

படித்தவுடன் ரத்தம் கொதித்தது. ஓர் ஊரின் உயிர் அந்த மண்ணில் இருக்கிறது, இவர்களுக்குப் பித்தளை பெரிதாகப் போய்விட்டது. அப்புறம் ரெண்டாவது தடவை படித்தேன் மாப்ளே. குழாயில் இருந்து மண்ணைத் தள்ளும் கருவி எங்கே இருக்கிறது? பூட்டிய அறைக்குள். ஆகவே நாளைக் காலை பத்து மணிக்கு அறையைத் திறக்கிறார்கள். தள்ளத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னையே போட்டிருக்கிறார்கள். உணவு இடைவேளை வரை நேரம்.

கருவியில் இருந்து உன் மெஷின் நாலு எட்டு தூரம்தான். ஒரு துண்டை அமுக்கிப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். தள்ளிய மண்ணை உடனே சாக்கில் போட வேண்டும் என்று அந்த உத்தரவில் எந்த வரியிலும் இல்லை. நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன்.

பயமும் இருக்கிறது. நாலு மாசத்தில் மெழுகு வெடித்து மண் காய்ந்திருந்தால்? காய்ந்த களிமண் இருப்பதைவிடக் கெட்டியாகக் காட்டும், அதை நம்பி ஊர் ஏமாறும். எடுத்த அன்றைக்கு இருந்த எடையை ஒவ்வொரு குழாய் மேலும் நீ எழுதி வைத்திருக்கிறாய். முதலில் நிறுத்து உன் எழுத்தோடு ஒப்பிடுவேன். குறைந்திருந்தால் குறைந்தது என்றே எழுதுவேன். எதையும் பூசி மெழுக மாட்டேன்.

அறிக்கையில் முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தை வெறுமையாக விடப் போகிறேன், அது உன் இடம். கீழே என் பெயர். நேற்று போனில் வள்ளியம்மை அக்கா கேட்டார்.

"ஒங்க கையெழுத்து செல்லுமா தம்பி?"

"ஆபீஸ்ல செல்லாதுக்கா."

"எங்க ஊர்ல செல்லும். போடுங்க."

போடுகிறேன் மாப்ளே. தாங்கும் என்றால் தாங்கும், தாங்காது என்றால் தாங்காது. மாசக் கடைசிக்கு முன்னாலேயே என்னை வெளியே அனுப்பினாலும் சரி, ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த ஊருக்குப் பதில் போய்ச் சேர்ந்துவிடும். குழாய்களையும் கழுவித் துடைத்து எண்ணி வைத்துவிடுவேன். அவர்கள் பித்தளை அவர்களுக்கு.

மெஷினை நாளை ஒருநாள் உனக்காக ஓட்டப் போகும்
உன் மச்சான்
துரைராசு