எங்கள் வாசல் வழியாகப் போன மாப்பிள்ளை

அன்பு மகள் வியோரிகாவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தார் என்று இங்கிருந்து சொல்கிறேன். மெய்யாகவே உயிர்த்தார் என்று நீ அங்கே வாய்விட்டுச் சொல்லிக்கொள். நான் நலம். மூட்டுவலி இருக்கிறது, ஆனாலும் உருளைக்கிழங்கு நட்டாயிற்று. சிவப்புப் பசு கன்று போட்டது, பெண் கன்று. நீ பார்த்துக்கொள்கிற அந்த இத்தாலியக் கிழவி இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடு.

சிமினாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பக்கத்து வீட்டுச் சவேதா உனக்குப் போன் போட்டு, உன் மகளைப் பேய் பிடித்திருக்கிறது என்று சொன்னாளாம். நீ ஜூனில் வந்து பிள்ளையை இத்தாலிக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறாய். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நஸ்தசியாவின் மகன் கவ்ரில் போன இலையுதிர் காலத்தில் ஓடையில் விழுந்து செத்தது உனக்குத் தெரியும். கல்யாணம் ஆகாத பிள்ளை. அதனால் ஊர் வழக்கப்படி சவப்பெட்டியிலேயே மாப்பிள்ளைக் கோலம் செய்து கல்யாணத்தோடு வழியனுப்பினோம். மணப்பெண்ணாக நிற்க நஸ்தசியா நம் சிமினாவைக் கேட்டாள். நீ போனில் வேண்டாம் என்றாய், நான் சரி என்றேன். கிரீடமும் பூவும் வைத்துப் பெட்டி பக்கத்தில் பிள்ளை ஆடாமல் அசையாமல் நின்றாள். பெரியவர்களே அப்படி நிற்கமாட்டார்கள். ஒரே ஒரு தப்புச் செய்தாள். பிணத்தின் விரலில் மெழுகு மோதிரம் போடுவதற்குப் பதிலாகத் தன் வெள்ளி மோதிரத்தைப் போட்டுவிட்டாள். மெழுகென்றால் மண்ணில் கரையும், அதோடு அந்தக் கல்யாணக் கட்டும் கரையும். வெள்ளி எங்கே கரையும்?

பனி உருகியதும் அவன் வர ஆரம்பித்தான். மாடு திரும்புகிற நேரத்துக்கு, நம் வாசலுக்கு வெளியே. நான் கண்ணால் பார்த்ததில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து நம் நாய் புர்சுக் வாலை ஆட்டும். மழையே இல்லாத நாளிலும் அங்கே மண் ஈரமாக இருக்கும். சிமினா அவரைக்காய் உரிக்கிற சாக்கில் வாசல் பெஞ்சில் போய் உட்காருவாள். மாப்பிள்ளை உடுப்போடு வருகிறான், தொப்பியில் காகிதப்பூ, முழங்கால் வரைக்கும் நனைந்திருக்கிறான் என்றாள். எவ்வளவு அழகாக இருக்கிறான் தெரியுமா என்றாள். அவன் உயிரோடு இருந்தபோதுகூட அவள் இப்படி வெட்கப்பட்டதில்லை.

முதலில் எனக்குப் பயம்தான். ஏனென்றால் பிள்ளை வாடிக்கொண்டே வந்தாள். சோறு இறங்கவில்லை, பள்ளிக்கூடம் போகவில்லை. இவளையும் கூட அழைத்துக்கொண்டு போய்விடுவானோ. மோதிரத்துக்காகத்தான் வருகிறான், குழியைத் தோண்டி எடுத்தால்தான் போவான் என்றாள் சவேதா. தோண்டவெல்லாம் விடமாட்டேன் என்றேன். அப்படியானால் வாசலில் கசகசா தூவு, எண்ணிக்கொண்டே நின்றுவிடுவான் என்றாள். தூவினேன். சிமினா துடைப்பத்தை எடுத்து வந்து கூட்டித் தள்ளினாள்.

"ஏன் பாட்டி, அவன் என்ன கோழியா? கசகசாவைப் பொறுக்கிட்டு உக்கார?" என்றாள்.

"உன்னைக் கூட்டிட்டுப் போயிட்டா நான் உங்கம்மாவுக்கு என்னடி பதில் சொல்றது?" என்றேன்.

"அவன் கூப்பிடல பாட்டி. ஒண்ணுமே கேக்கல. நின்னு பாத்துக்கிட்டே இருக்கான். அதான் தாங்க முடியல" என்று என் மடியில் விழுந்து அழுதாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

கவ்ரிலின் வீடு நமக்கு மேலே மேட்டில் இருக்கிறது. தெருவுக்குப் போனாலும் வந்தாலும் நம் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும், அதை விட்டால் ஓடை வழிதான். அவன் செத்த அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை ஊர் நடனத்தில், இரண்டு பேருக்கும் சண்டை. இனிமேல் எங்கள் வாசல் வழியாக வராதே என்று இவள் சொல்லிவிட்டாள். ரோஷக்காரப் பையன், ஓடைப்பக்கம் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். மழைத்தண்ணீரில் மரப்பாலம் வழுக்கிவிட்டது. நான்தான் கொன்றேன் பாட்டி என்றாள். குளிர்காலம் முழுக்க இதை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், வியோரிகா. வெள்ளி மோதிரம் போட்டதும் இதற்காகத்தான்.

யாரிடமும் சொல்லாதே, காலப்போக்கில் ஆறும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவளே, "நஸ்தசியா அத்தைகிட்ட சொல்லிடப் போறேன்" என்றாள். ஒற்றைப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். கேட்டால் என்ன செய்வாளோ, என்ன சாபம் விடுவாளோ. ஆனாலும் தடுக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முந்திய திங்கட்கிழமை செத்தவர்களின் ஈஸ்டர். எல்லோரும் கல்லறையில் துணி விரித்துச் சாப்பிட்டோம். பிள்ளை எழுந்துபோய் நஸ்தசியாவின் முன்னால் மண்டிபோட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நஸ்தசியா கையில் இருந்த சிவப்பு முட்டையைக் கீழே வைத்தாள். சுற்றி இருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

"எதுக்குச் சண்டை?" என்று கேட்டாள்.

"அதுக்கு முந்தின வாரம் மரியூகாவோட ரெண்டு ஆட்டம் ஆடினான்."

"அவ கூடவா? அவ மிதிச்ச மிதியில அவன் கால் வீங்கிப்போச்சேடி. மறுநாள் காலையில எங்கிட்டக் காட்டிட்டு, ஆடினா சிமினாவோடதான் ஆடணும்மான்னு சொன்னானே, பாவி" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

அழுது முடித்த பிறகு அவள் சொன்னதுதான் எங்கள் யாருக்கும் தோன்றாதது. "நான் தினமும் சாயங்காலம் அவனுக்கு ரொட்டியும் தண்ணியும் வைக்கிறேன். ஒரு நாளும் தொட்டதில்லை. பொண்டாட்டி வீட்டுக்குப் போறவன் பெத்தவளைத் தேடி வரலையேன்னு உம்மேல எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா. இப்பல்ல புரியுது. ஓடை வழி அவனைக் கொன்னுது, உன் வாசல் வழியை நீ அடைச்சிட்ட. புள்ள எந்த வழியா வருவான்?"

மோதிரம் மோதிரம் என்று நாங்கள் கூத்தடித்துக்கொண்டிருந்தோம். அவன் நின்றதோ வழி கேட்டு.

அன்று சாயங்காலம் சிமினா ஈஸ்டருக்குப் போட்ட உடுப்போடு வாசலில் போய் நின்றாள். வழி விட்டால் ஒரேயடியாகப் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் ஜன்னலருகே மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பேசினாள், என் காதில் விழவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் கேட்டது. "கவ்ரில், போ. எங்க வாசல் வழியாவே போ. உங்கம்மா காத்துட்டிருக்காங்க. நான் சொன்னதெல்லாம் கோவத்துல சொன்னது. போடா." புர்சுக் எழுந்து மேட்டுப் பாதையில் வாலை ஆட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் போனது. பிறகு திரும்பி வந்து அவள் காலடியில் படுத்தது. பாதையில் ஈரக்காலடிகள் மேலே ஏறிப் போவதை நான் போய்ப் பார்த்தேன். இதைக் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் நஸ்தசியா ஓடிவந்தாள். தண்ணீர்க் குவளையில் பாதி இல்லையாம், ரொட்டி கடிபட்டிருக்கிறதாம். அவளும் சிமினாவும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. சிமினா இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் சோளக்கூழில் பாலாடையைக் கொட்டி இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சனிக்கிழமைகளில் நஸ்தசியாவுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறாள். பதினாறு வயதில் தானாக எழுந்துபோய் ஒரு தாயின் முன்னால் மண்டிபோட எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? என் பேத்தி என்பதால் சொல்லவில்லை. என் பேத்தி என்பதாலும்தான் சொல்கிறேன்.

ஆகவே மகளே, பிள்ளையைக் கூட்டிப்போக வராதே. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நீ சும்மா வா. உன் புருஷன் பெத்ரு செத்த சமயம் நீ பக்கத்தில் இல்லை, அதன்பிறகு நான்கு வருஷமாக வரவும் இல்லை. ஏன் என்று இங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். அவன் கல்லறைச் சிலுவைக்கு நீலம் அடிக்கவேண்டும், பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன். ஆளை வைத்து அடிக்க மனமில்லை. அது மனைவி கையால் அடிக்கவேண்டியது.

புல் அறுக்கிற சமயத்துக்கு வந்துவிடு. கன்றுக்கு நீதான் பெயர் வைக்கவேண்டும் என்கிறாள் சிமினா. அன்னை மரியாள் உன்னை வழியெல்லாம் காக்கட்டும்.

உன் வரவுக்குப் படுக்கை விரித்து வைத்திருக்கும்,
அம்மா பரஸ்கீவா