நாற்பதில் இருபத்துமூன்று

கடலூர் முதுநகர்,
20.6.2024

அன்பு மச்சான் ஜெயப்பிரகாஷுக்கு,

அஃப்சல் எழுதுகிறேன். பதினோரு தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் சிதம்பரத்தில் உன் ஆராய்ச்சிக்கூட விலாசத்துக்கே எழுதுகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய். நான் நலமில்லை.

பக்ரீத்துக்கு மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "அஃப்சலு, இனிமே நீ ஸ்டியரிங் புடிக்க வேணாம்பா. ஷெட்ல வண்டி கழுவு" என்றார். ஒன்பது வருடமாகக் கடலூர் - சிதம்பரம் பஸ் ஓட்டுகிறேன், ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை! ஏன் என்று கேட்டால் நீ கொடுத்த தாளை நீட்டுகிறார். பத்து டிரைவர்களின் பெயர். என் பெயருக்கு நேரே, 'நாற்பதில் இருபத்துமூன்று முறை கவனம் சிதறியது.'

தலையில் ஒயர் தொப்பியை மாட்டி, திரையில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்ன அன்று நீ என்ன சொன்னாய்? "மணி அடிக்கறப்ப மனசு புள்ளியில இருந்தா பச்சை பட்டன், வேற எங்கயாச்சும் போயிருந்தா சிவப்பு. உண்மைய அமுக்கு மச்சான், உனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்." நான் அப்படியே அமுக்கினேன். மற்ற ஒன்பது பேரும் வேலை போய்விடும் என்று பச்சையாகவே அமுக்கினார்களாம். அவர்களில் ஒருத்தன் தங்கராசு, டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிச் சிரிக்கிறான். உண்மை சொன்னவன் நான் ஒருத்தன், வண்டி கழுவுகிறவனும் நான் ஒருத்தன். இது அடுக்குமா?

முதலாளியிடம் நேரில் வந்து சொல்.

அஃப்சல்


சிதம்பரம்,
26.6.2024

அன்புள்ள அஃப்சல்,

போனை எடுக்கத் தைரியம் வரவில்லை, திட்டாதே. டிரைவர்களை அனுப்பியவர் உன் முதலாளி. முடிவைப் பெயரோடு கேட்டார், மறுக்க முடியவில்லை. மனசு அலைவது எல்லோருக்கும் உண்டு. கவனம் நழுவும்போது மூளையில் ஆல்பா என்ற அலை ஓங்கும். அந்த ஒன்பது பேருக்கும் உன்னைப் போலவே ஓங்கியிருந்தது. புள்ளியைப் பார்ப்பது வேறு, பஸ் ஓட்டுவது வேறு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் அவர் இனி ஆள் அனுப்ப மாட்டார். என் மூன்று வருட உழைப்பு போய்விடும்.

உனக்கு மறுசோதனை வைக்க அவரைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். வியாழன், 4ஆம் தேதி. அவர் பார்ப்பது பட்டன் எண்ணிக்கையை மட்டும்தான். இந்த முறை மற்றவர்கள் மாதிரி அமுக்கிவிடு. வீட்டில் அம்ரீனுக்கு என் அன்பு.

ஜெயப்பிரகாஷ்


கடலூர் முதுநகர்,
29.6.2024

ஜெயப்பிரகாஷ்,

உன் கடிதத்தை அம்ரீனுக்குப் படித்துக் காட்டினேன். "ஒங்க கூட்டாளி படிச்சவருதானே? பொய் சொல்லச் சொல்லியா எழுதியிருக்காரு?" என்றாள். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

புள்ளி வேறு, பஸ் வேறு என்று எனக்கு எழுதினாயே, அதே ஒரு வரியை முதலாளிக்கு எழுதேன்! வேறு எதுவும் வேண்டாம். யாரையும் காட்டிக்கொடுக்கவும் வேண்டாம். வியாழன் வரை பார்ப்பேன்.

அஃப்சல்


கடலூர் முதுநகர்,
5.7.2024

ஜெயப்பிரகாஷுக்கு,

நீ அந்த வரியை எழுதவில்லை. நேற்று நாற்பது முறை மணி அடித்தது, நாற்பது முறையும் பச்சையை அமுக்கினேன். புள்ளியை நான் பார்க்கவே இல்லை. இப்போதாவது வாயைத் திறப்பாயா என்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மணிக்கும் நான் பொய் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். நீ குனிந்து முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டாய். "பாத்தியா, மனசு வச்சா முடியுது!" என்று முதலாளி என் முதுகில் தட்டினார்.

இன்று காலை முதல் ட்ரிப் எடுத்தேன். புதுச்சத்திரத்தில் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த்தான் வண்டியை நிறுத்தினேன். ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

என் பஸ்ஸில் நீ எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். பத்திரமாக இறக்கிவிடுவேன், அது என் தொழில். டிக்கெட் எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார். முன்னால் வந்து என்னிடம் பேச்சுக் கொடுக்காதே.

அ. அஃப்சல்,
டிரைவர்