மூன்றாம் முறை கேட்டால்

ஃபார்கோ
பிப்ரவரி 3

அப்பாவுக்கு,

போனில் நான் சொல்வது உங்களுக்குக் கேட்பதில்லை. நீங்கள் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஆகவே இந்த மின்னஞ்சல்.

உங்கள் பக்கத்து வீட்டு லொரெய்ன் என்னை அழைத்தார். "உங்கப்பா ரெண்டு ஞாயிறா சர்ச்சுக்கு வரல, கர்ட். இருமுறது எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் கேக்குது. நீ அவருக்கு மகன்தானே, இல்ல சும்மா பேருக்கா?" என்று கேட்டார். ஊரே கேட்க நினைப்பதை அவர் ஒருவராவது வாய்விட்டுக் கேட்டுவிடுகிறார்.

என்ன உடம்புக்கு? வரட்டுமா? பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கேட்டால் கொடுப்பார்கள், முணுமுணுத்துக்கொண்டே.

கர்ட்


வாரோட்
பிப்ரவரி 4

அன்புள்ள கர்ட்,

லொரெய்னுக்கு வேறு வேலையில்லை. வெறும் சளி. மோசமில்லை.

கிளினிக்கில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். ஆர்.எஸ்.வி. என்று ஒரு வைரஸாம். "அது பச்சக் குழந்தைங்களுக்கு வர்றதாச்சேம்மா"ன்னேன். அந்த நர்ஸ் பெண், "குழந்தைங்களுக்கும் வரும் தாத்தா, குழந்தை மாதிரி அடம்பிடிக்கிறவங்களுக்கும் வரும்" என்றாள். இதற்கென்று மருந்து கிடையாதாம். தண்ணீர் குடி, ஓய்வெடு, மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

லொரெய்னின் கொள்ளுப்பேரன் என் மடியில் உட்கார்ந்து முகத்திலேயே தும்மினான். அவன் இப்போது பனியில் சறுக்கி விளையாடுகிறான். நான் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.

நீ வர வேண்டாம். ஃபார்கோவிலிருந்து நாலு மணி நேரப் பயணம், சாலையெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கிறது.

அப்பா


ஃபார்கோ
பிப்ரவரி 6

அப்பாவுக்கு,

இலையுதிர் காலத்திலேயே சொன்னேன், இதற்கு இப்போது தடுப்பூசி இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்று. "ஃப்ளூ ஊசி போட்டாச்சு, ஒரு கைக்கு ஒரு ஊசி போதும்" என்றீர்கள். என் பேச்சைக் கேட்பதைவிட வைரஸோடு மல்லுக்கு நிற்பது உங்களுக்குச் சுலபம்.

'மோசமில்லை' என்ற சொல்லையும் எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா படுத்திருந்தபோதும் அதைத்தான் எழுதினீர்கள். நான் நம்பினேன். நான் வந்து சேர்ந்தபோது சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் அடக்கம் முடிந்த விருந்து நடந்துகொண்டிருந்தது. யாரோ என் கையில் ஹாம் சாண்ட்விச்சைத் திணித்து, "உங்கம்மா ரொம்பக் கஷ்டப்படலப்பா" என்றார். அந்த சாண்ட்விச் இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது.

நேற்று மாலை முழுக்க போன் செய்தேன். ஏன் எடுக்கவில்லை?

இரண்டாவது முறையாகக் கேட்கிறேன். வரட்டுமா? வீட்டுக்கு வருகிறவர்களிடம் காபி வேண்டுமா என்று அம்மா மூன்று முறை கேட்பாள். முதல் இரண்டு 'வேண்டாம்' மரியாதைக்கு, மூன்றாவதுதான் மனசு என்பாள். அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. நான் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது நீங்களும் ஒரே ஒரு முறைதான் "இருந்துட்டுப் போயேன்டா" என்றீர்கள்.

கர்ட்


வாரோட்
பிப்ரவரி 8

அன்புள்ள கர்ட்,

வேண்டாம். உன் மாணவர்களைப் பார்.

மோசமில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி தூங்குகிறேன். படுத்தால் நெஞ்சுக்குள் கெட்டில் கொதிக்கிறது. கால் வீங்கி பூட்ஸ் ஏறவில்லை. அதனால் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகவில்லை. மீன்களுக்குச் சந்தோஷம்.

லொரெய்ன் சாப்பாடு கொண்டுவந்தாள். "என்னய்யா ஆர்லன், பழைய டிராக்டர் மாதிரி சத்தம் போடுற?" என்றாள். "டிராக்டர் ஓடுதுல்ல, அதப் பாரு"ன்னேன். அதைச் சொல்லி முடிக்க மூச்சு வாங்கி இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது.

போன் அடித்தது கேட்டது. எனக்கு மூச்சு வாங்குவதை நீ கேட்டுவிடுவாய் என்றுதான் எடுக்கவில்லை. எழுதும்போது நடுவில் நின்றால் யாருக்கும் தெரியாது.

அம்மாதான் உனக்கு உண்மையை எழுத வேண்டாம் என்றாள், கர்ட். "அவன் பரீட்சை நேரத்துல பனியில கார் ஓட்டிட்டு வர வேணாம்"னாள். நான் அவள் சொன்னபடி செய்தேன். சரியா தப்பா என்று தெரியாது.

அப்பா


ஃபார்கோ
பிப்ரவரி 9, காலை

அப்பாவுக்கு,

அம்மா சொன்னதை இத்தனை வருடம் கழித்து, கெட்டில் கொதிக்கிறது, மீன்களுக்குச் சந்தோஷம் என்பவற்றுக்குக் கீழே சொருகி அனுப்புகிறீர்கள். உங்களால் மட்டும்தான் முடியும். அதை நாம் பிறகு பேசுவோம். விடப்போவதில்லை.

இப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கால் வீக்கம் சளி அல்ல. இருதயமும் தாங்கவில்லை என்று அர்த்தம். அந்த நர்ஸ் சொன்ன நேரம் வந்துவிட்டது.

வரட்டுமா என்று இனி கேட்கமாட்டேன். இரண்டு முறை வேண்டாம் என்றாயிற்று. எனக்கும் மானம் இருக்கிறது.

கர்ட்


வாரோட்
பிப்ரவரி 9

அன்புள்ள கர்ட்,

இன்று கொஞ்சம் மோசம்.

காபி போட்டேன். பழக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டேன்.

நீ இரண்டு முறைதான் கேட்டிருக்கிறாய்.

அப்பா


கார், பெட்ரோல் பங்க்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பா,

இத்தனை வருடத்தில் நீங்கள் 'மோசம்' என்று எழுதி நான் பார்த்ததில்லை. காலையில் உங்களுக்கு எழுதியதுமே கிளம்பிவிட்டேன், பெட்ரோலுக்கு நின்றபோதுதான் உங்கள் பதிலைப் பார்த்தேன்; படித்ததும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன். லொரெய்ன் கோட்டுகூடப் போடாமல் உங்கள் வீட்டுக்கு ஓடுகிறார். "கதவ உடைச்சாவது உள்ள போறேன், நீ ரோட்டப் பாத்து ஓட்டு!" என்று கத்தினார். அவரிடம் அடம்பிடிக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள். பேச வேண்டாம்.

சாலை நீங்கள் சொன்னபடிதான், கண்ணாடி. மெதுவாகத்தான் போக முடிகிறது. பாதி தூரம் வந்துவிட்டேன்.

காபி ஆறினாலும் பரவாயில்லை, கொட்டிவிடாதீர்கள்.

அப்பா, வரட்டுமா?

உங்கள் மகன்
கர்ட்