நான் மாட்டிய கீசர்

சித்திரை, செவ்வாய்க்கிழமை

இந்த வயதில் ஒரு பிளம்பரைப் பின்வாசல் வழியாக ஒளித்து அனுப்பினேன்.

புது கீசரை நானே மாட்டிவிட்டதாக, என் மனைவியின் அண்ணன் நாசரேத்து மச்சானிடம் போனில் பீற்றியிருந்தேன். மாட்டியது உண்மைதான். காலையில் போட்டுப் பார்த்தால் விளக்கு எரிகிறது, தண்ணீர் சில்லென்று வருகிறது. மத்தியானம் மச்சான் வருகிறார். வெந்நீர் இல்லாவிட்டால் அவருக்கு முட்டி பிடித்துக்கொள்ளும், எனக்கு மானம் போய்விடும்.

பிளம்பர் அண்ணாந்து பார்த்தான். "அண்ணாச்சி, உள்ள போற குழாயையும் வெளிய வார குழாயையும் மாத்தி மாட்டிருக்கிய."

சரிசெய்து முடிப்பதற்கும் வாசலில் ஆட்டோ நிற்பதற்கும் சரியாக இருந்தது. மனைவி காட்டிக்கொடுக்கவில்லை. மீன் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மச்சான் குளித்துவிட்டு முகம் சிவக்க வந்தார். "மாப்ள, நெசமாவே ஒம்ம கைவேலையா? நல்ல சூடு."

கூச்சமே இல்லாமல் தலையாட்டினேன். சீலா மீன் இரண்டு துண்டு கூடுதலாக இறங்கியது.

ரசத்துக்கு வரும்போது சொன்னார்: "நீலக் குழாயிலயே கை வைக்க முடியல மாப்ள. செவப்பத் தொறக்கப் பயந்து அப்படியே விட்டுட்டேன்."

நீலக் குழாய்க்கும் கீசருக்கும் சம்பந்தமில்லை. அது மொட்டைமாடி டேங்கில் வெயில் காய்ந்த தண்ணீர்.