பேரரசன் கேட்ட கையெழுத்து

பிஸ்கட்டவே, 14.2.1996

அன்புள்ள அப்பாவுக்கு, பியூலா எழுதுவது. இருமல் குறைந்ததா? கோயில் ஆராதனைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு போங்கள்.

நேற்று பல்கலைக்கழக வகுப்பில், ரோமாபுரிப் பேரரசன் ஒருவன் மக்களிடம் எழுதி வாங்கிய பழங்காலச் சீட்டு ஒன்றைப் படித்தோம். 'தெய்வங்களுக்குப் பலியிட்டேன்' என்று கையெழுத்துப் போட்ட கிறிஸ்தவர்கள் தப்பித்தார்கள். மறுத்தவர்களில் பலர் சிறையிலேயே செத்தார்கள். யூதர்களுக்கு விலக்கு இருந்ததாம்.

"நீ போட்டிருப்பாயா?" என்று பேராசிரியர் என்னைக் கேட்டார். நான் போதகர் மகள் என்பது எல்லோருக்கும் தெரியும். "போட்டிருப்பேன்" என்றேன். பக்கத்திலிருந்த யூதப் பெண் ரூத், "எங்களைக் கேட்டிருந்தால் நானும்தான்" என்றாள்.

என்னை மட்டும் சிறையில் போடுவதாக இருந்தால் மறுத்திருப்பேன், அப்பா. நான் மறுத்ததற்காக உங்களைச் சிறையில் போட்டால் என்ன செய்வேன் என்றுதான் நினைத்தேன். கோபமா?

பருப்புப் பொடி அனுப்புங்கள். பஸ் வந்துவிட்டது. எனக்காக நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்,
பியூலா