ஒரே இடம், இரண்டு கடை

இன்று மதியம் ஸ்டேஷனில் என் அரைக்கிலோ எடைக்கல்லை மேசைமேல் வைத்து, "இது யாருதும்மா?" என்று ஏட்டு கேட்டார். ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. என்னுடையதுதான் என்றேன். அதை முதலில் எறிந்தவள் நீ என்று சொல்லவில்லை. சொன்னால் செத்தவள்மேல் பழி போடுகிறேன் என்று நினைப்பார்.

புது மார்க்கெட்டில் எல்லோரும் எலக்ட்ரானிக் தராசுக்கு மாறிவிட்டோம். இந்த ஒரு கல்லை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. அதைப் பார்த்தாலே இடது புருவத்துத் தழும்பு எரியும்.

பழைய மார்க்கெட்டில் நம் இடம் ஒரு பாய் அகலம்தான். விடிந்ததிலிருந்து மதியம்வரை என் காய்கறி, அதன்பிறகு உன் பூ. காலையில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் விற்றுவிட்டு, மிச்சக் கூடையோடு பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி வருவாய். எழுந்து போகிறவள் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போக வேண்டும். தரையின் சூடு தணிந்தால்தான் பூ வாடாது. ஒருநாள் நான் மறந்துபோனதற்கு பஸ் ஸ்டாப்வரை துரத்தி வந்து வைதாய்.

கூரை பெயர்கிறது, ஜனம் வருவதில்லை, இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்று கணக்கெடுக்க வந்தவர்கள் காலை வேளையில் வந்தார்கள். உட்கார்ந்திருந்தவளுக்கு நம்பர் கொடுத்தார்கள். இது ரெண்டு பேர் இடம், மதியம் வந்து பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். நீ வந்து, தரையில் பெயின்ட்டில் என் பெயரை மட்டும் பார்த்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தராசுக் கல்லை எடுத்து வீசினாய். கண்ணெல்லாம் ரத்தம். நானும் சும்மா விடவில்லை, உன் கொண்டையைப் பிடித்துச் சாக்கடையில் தள்ளினேன். "கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடி" என்று கத்தி என் கையைக் கடித்தாய். சாமந்தியும் கத்தரிக்காயும் காலடியில் நசுங்கின. அநியாயமாக அடித்தாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

என் புருவத்துத் தையலைப் பிரிக்கும் முன்பே இடிக்க வந்தார்கள். நீ நம் இடத்தைவிட்டு எழவில்லை. கான்ட்ராக்டரின் ஆட்கள் உன் காலைப் பிடித்து இழுத்தார்கள். பூசணி வெட்டும் கத்தியோடு நான் பாய்ந்தேன். ஒருவன் என் வயிற்றில் உதைத்தான். இன்னொருவன் உன்னைத் தூக்கி வீசினான். சாக்கடைக் கல்லில் உன் மண்டை மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில், நீ ஒரு மன்னிப்பாவது கேட்பாய் என்று உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்து, "தண்ணி தெளிச்சியா?" என்றாய். தெளிச்சிட்டேன்டி என்றேன். மறுநாள் நீ இல்லை.

புதுக் கட்டடத்தில் எனக்குக் கடை கிடைத்தது. மதியமானால் உன் மகளை அதில் உட்கார வைக்கிறேன். ஒரு கடைக்கு ஒரு ஆள்தான் என்று சூப்பர்வைசர் பலமுறை மிரட்டியிருக்கிறான். இன்று அவள் கூடையை எட்டி உதைத்தான். சிதறிய மல்லிகையை அவள் குனிந்து பொறுக்க, அந்தக் கையை பூட்ஸ் காலால் மிதித்தான். என் கை கல்லைத் தேடி எடுத்தது. உன் வீச்சு எனக்கு வராதடி. நெற்றிக்குத்தான் குறி வைத்தேன், முழங்காலில் பட்டது. எலும்பில் விரிசலாம்.

காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் கேஸ் இல்லாமல் முடித்துவிடலாம் என்று ஏட்டு நல்லவிதமாகத்தான் சொன்னார். நீ என்னிடம் கேட்டாயா, நான் அவனிடம் கேட்க?

"கேஸ் போடுங்க சார். நாளைக்கும் மதியம் அந்தப் பொண்ணு அங்கதான் உக்காரும்" என்றேன்.

நாளை மறுபடி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கல்லை அவர்களே வைத்துக்கொண்டார்கள், நீ கொடுத்த தழும்போடு வீட்டுக்கு வந்தேன். ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். போலீஸ்காரர்கள் கூப்பிட்டபோது ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னேன். அவன் ரத்தத்தைக் கழுவி, கூட்டி, உன் மகள் உட்காரத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினேன்.