தரைவிரிப்பில் வெட்டிய வளையம்

நிலவின் தென்முனை, நிலையம் ஆறு.
பதிவு செய்பவர்: பேச்சியம்மாள், நிலவியலாளர்.

ஏப்ரல் 3, காலை

வழக்கமான பதிவு. காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. சேவியர் ரொசாரியோ மண் மாதிரி எடுக்க ஊர்தியில் போயிருக்கிறார், நாளை திரும்புவார். வழியில் தேவைப்படலாம் என்று என் உடையின் காற்றுக் குடுவையையும் கொடுத்தனுப்பினேன். இங்கே நான் மட்டும்.

ஏப்ரல் 3, மதியம்

நுழைவறையில் காற்று நிற்கவில்லை. வால்வின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது. மாற்று வளையம் இல்லை. நுழைவறை நிரம்பாமல் உள்கதவு திறக்காது. சேவியர் வெளியேயே நிற்க வேண்டியதுதான்.

ரப்பர்போல இருப்பது ஒன்றே ஒன்று: பிளாஸ்டிக் தரைவிரிப்பு. ஒரு துண்டைக் கத்தியால் வெட்டிப் பொருத்தினேன். விளிம்பில் பிசிறு, காற்று ஒழுகுகிறது. முந்தைய குழுவினர் பெயர்ப்பலகை செய்து விளையாடிய சின்ன லேசர் வெட்டுப்பொறி கிடங்கில் கிடக்கிறது. அதை எடுத்து வந்தேன்.

ஏப்ரல் 3, மாலை

அட்டையில் வட்டம் வெட்டச் சொன்னால் கோழிமுட்டை வெட்டுகிறது. பெல்ட் தொய்வு. இறுக்கினேன். வட்டம் வந்தது, ஆனால் ஒரு பக்கம் வெட்டு சாய்ந்திருக்கிறது. கதிர் லென்ஸின் நடுவில் விழவில்லை. கதிரைத் திருப்பும் கண்ணாடிகளுக்கு முன்னால் டேப் ஒட்டி, சுட்டு, தழும்பைப் பார்த்து, திருகை இம்மி நகர்த்தி, மறுபடி சுட்டு... கழுத்து இற்றுப்போகிறது.

ஏப்ரல் 4, காலை

நல்லவேளை, விரிப்பில் லேசரை வைக்கும் முன் சோதித்தேன். பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியை அதில் தொட்டு நெருப்பில் காட்டினேன். சுடர் பச்சையாக எரிந்தது. குளோரின் இருக்கிறது. லேசர் பட்டால் விஷப்புகை. இங்கே வெளியேற்ற வழி இல்லை, வடிகட்டி இதற்குத் தாங்காது. எல்லாவற்றையும் அட்டையிலேயே சரிசெய்துவிட்டு, விரிப்பை ஒரே ஒரு தடவை வெட்ட வேண்டும்.

வானொலியில் சேவியர்.

சேவியர்: "என்னக்கா, வளையம் ரெடியாயிட்டா?"

நான்: "அட்டையில சரியா வருது தம்பி. விரிப்புல இனிமேதான்."

சேவியர்: "அவசரப்படாதீங்க. எனக்குக் காத்து நெறைய இருக்கு."

அவருடைய காற்றின் அளவு என் திரையிலும் தெரிகிறது. நிறைய இல்லை.

ஏப்ரல் 4, முற்பகல்

கதிர் எரித்துத் தின்னும் அகலத்தையும் கணக்கில் சேர்த்தேன். அட்டை வளையம் வால்வில் கச்சிதமாக உட்கார்ந்தது.

விரிப்பை வெட்டினேன். சூடு ஆறியதும் சுருங்கிவிட்டது. அட்டை சுருங்காது. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தூங்கி வெகுநேரமாகிறது.

தொண்டை எரிகிறது.

ஏப்ரல் 4, மதியம்

சுருக்கத்துக்கு இடம்விட்டு மறுபடி வெட்டினேன். பாதியில் நின்றது. புகை லென்ஸை மங்கலாக்கிவிட்டது. துடைத்தேன். வெட்டுமுனை ஓடும் தண்டில் அதற்குள் துரு. அதையும் துடைத்து எண்ணெய் போட்டேன். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு இன்னொன்று வெட்டினேன்.

சரியான அளவு. மயிரிழைகூடப் பிசகவில்லை. ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வால்வு தரையை ஒட்டி இருக்கிறது. பொருத்தக் குனிந்தபோது கண் இருண்டது. இந்தப் புகை கனமானது, கீழேதான் தேங்குகிறது. பொருத்திவிட்டேன். இப்போது மேசைமேல் ஏறி உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 4, பிற்பகல்

சேவியர்: "அக்கா, நுழைவறைக்குள்ள நிக்கேன். வெளிக்கதவ அடைச்சாச்சு. காத்தத் தொறங்க."

நான்: "உள்ள வந்ததும் தலைக்கவசத்தக் கழட்டாத. என்ன ஆனாலும் கழட்டாத."

சேவியர்: "ஏன்க்கா? என்ன ஆச்சு அங்க? அக்கா?"

பேச முடியவில்லை. இருமல்.

வால்வை இங்கிருந்து கையால்தான் திறக்க வேண்டும். நுழைவறை நிரம்பும்வரை கைப்பிடியை விடக் கூடாது. விட்டால் தானே மூடிக்கொள்ளும். என் காற்றுக் குடுவை அவரிடம். அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்ததில்லை.

அவர் கதவைத் தட்டுகிறார்.

வால்வைத் திறக்க இறங்குகிறேன்.